பல்லக்காவுக்கு இஞ்சின் அமைந்த கதை

பல்லக்காவின் கார் இஞ்சின் உயிரை விட்ட நொடியில் பல்லக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தை வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டு, வளைவுக்குள் பக்கவாட்டில் நுழையும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அன்றும் வந்தது. சிரிப்பின் நடுவில் "டமார்" என்றது. இஞ்சினுக்குள் மேலும் கீழும் போய்வர வேண்டிய இரும்புத் தண்டு ஒன்று, இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று பக்கச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

வயது ஐம்பத்து மூன்று அவளுக்கு. தொழில், பல் செட் செய்வது. பல் மருத்துவமனை ஒன்றின் பின்புறம், ஒரு மேசையும் ஒரு ஸ்டூலும் போட்டுவிட்டால் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும் என்ற அளவில் ஓர் அறை. அதற்குள் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் அடுக்குகிறாள். ஆட்களை அவள் முகத்தை வைத்து அடையாளம் சொல்லவே மாட்டாள். "அதாங்க, கீழ் வரிசையில ஒண்ணு மட்டும் திரும்பி நிக்குமே, அந்தம்மா" என்பாள். வாயில் வைத்த செட் மயிரிழைகூட அசையக்கூடாது என்பது அவள் கொள்கை. அசைந்தால் தூக்கம் வராது, அவளுக்கும் சரி, போட்டவருக்கும் சரி.

இப்படி மயிரிழைக்கு மயிரிழை பார்க்கிறவள் ஒரு வண்டியை வேண்டுமென்றே தறிகெட்டு ஓடவிடுவாளா என்றால், விடுவாள். மாதம் ஒரு ஞாயிறு. நகரத்துக்கு வெளியே, லாரிகள் வருவது நின்றுபோன ஒரு பெரிய கான்கிரீட் திடல். அங்கே, காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு டிரிஃப்ட் கிளப். முப்பது பேருக்குத்தான் இடம். ஏழு வருடம் காத்திருந்து நாற்பத்தொன்பதாவது வயதில் அவள் உள்ளே நுழைந்தாள். முதல் நாளே யாரோ "பல்லக்கா" என்று கூப்பிட்டார்கள், அதுவே பெயராகிவிட்டது.

கிளப்பில் ஒரு விதி உண்டு. மூன்று மாதம் தொடர்ந்து ஒருவர் பெரிய வளைவை ஒரு தடவைகூடச் சறுக்கிக் கடக்கவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தொரு பேர், ஒவ்வொருவரும் அவள் மகன் வயது. அடித்துவிட்டால் அடுத்த முறை இடம் வரும்போது அவளுக்கு அறுபது. இஞ்சின் போன பிறகு இரண்டு ஞாயிறு வீணாகிவிட்டது. மூன்றாவதற்கு ஐந்து வாரம் இருந்தது.

இரண்டு மாதம் எப்படிப் போனது என்கிறீர்களா? யோசனை கேட்டே போனது. கிளப்பில் ஒருவரிடம் கேட்டால் ஒன்பது பேர் பதில் சொல்வார்கள், ஒன்பதும் வேறு வேறாக இருக்கும்.

பெரும்பாலோர் சொன்னது ஆறு சிலிண்டர் வரிசை இஞ்சின். அதன் பெயரைச் சொல்லும்போதே பாதிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பல்லக்கா விசாரித்துப் பார்த்தாள். சொன்ன விலைக்கு ஓடுகிற வண்டியாகவே இன்னொன்று வாங்கிவிடலாம். அதுவும் ஏற்கெனவே நாலு பேர் ஓட்டித் தேய்த்துத் தள்ளிய இஞ்சின்தான் கிடைக்கும். புகழுக்கு இவ்வளவு கொடுக்க முடியாது என்று அந்தப் பேச்சை அன்றே முடித்துவிட்டாள்.

அடுத்தது நாத்தனாரின் யோசனை. நாத்தனார், வாசலுக்கு இரும்புக் கேட்டும் மாடிப்படிக் கைப்பிடியும் அடிக்கிற வெல்டர். நாற்பது வயது. சத்தமாகப் பேசித்தான் பழக்கம், கிரைண்டர் ஓடாத நேரத்திலும். அவளுக்கு எட்டு சிலிண்டர் மேல் காதல்.

"அண்ணி, பழைய இரும்புக் கடையில ஒரு பெரிய சொகுசு வண்டி நசுங்கிக் கெடக்கு. இஞ்சினுக்கு ஒரு கீறல் இல்ல. சும்மா குடுக்கற மாதிரி குடுக்கறான்!"

"கியர்பாக்ஸ்?"

"அது நம்ம வண்டியில உக்காராது. வேற பாக்கணும்."

"ரேடியேட்டர்?"

"அது பெருசா வேணும். பாத்துக்கலாம்."

"ஸ்டீயரிங் தண்டு போற வழியில சைலன்சர் குழாய் வந்து நிக்குமே?"

"வளைச்சுத் தரேன், நான் எதுக்கு இருக்கேன்?"

"முன்னாடி கனம் கூடிப்போகுமே?"

நாத்தனார் தலையைச் சொறிந்தாள்.

"ஒத்தப் பல்லு மலிவா கெடைக்குதுன்னு வாயையே மாத்தச் சொல்ற நீ" என்றாள் பல்லக்கா. நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் அந்த எட்டு சிலிண்டரை நினைத்துப் பெருமூச்சு விட்டாள்.

மிச்சம் இருந்தது யாருமே சொல்லாத ஒன்று. தெருத்தெருவாகப் பார்சல் போடும் வேனில் இருக்கிற நாலு சிலிண்டர் இஞ்சின். அவள் வண்டியில் இருந்ததைப் போலவே நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், பின்சக்கரத்தைத்தான் சுழற்றும், கியர்பாக்ஸ் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், உதிரிபாகம் எந்த மூலைக் கடையிலும் தொங்கும். பல்லக்கா இதைச் சொன்னதும் கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் கிளப் செயலாளர். அவர் பேக்கரிக்காரர், அவருடைய ரொட்டி வேனில் அதே இஞ்சின்தான். "அது என்ன கேவலமா?" என்று முறைத்தார்.

சிக்கல் என்னவென்றால், வேன் ஓட்டுகிறவர்கள் வேனை விட்டுவைப்பதில்லை. பல்லக்கா நாலு இஞ்சின் பார்த்தாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியே தன்னிடம் இருப்பதிலேயே சின்ன வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டு, விளக்கை அடித்து, "ஆ" காட்டச் சொல்லாத குறையாகப் பரிசோதித்தாள். கடைக்காரர்கள்தான் வாயைப் பிளந்தார்கள். நாலும் சொத்தை. இரண்டு வாரம் போயே போய்விட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை, மேசையில் மெழுகுப் பல் அடுக்கும்போது கை தானாக நின்றுவிடும். அந்தத் திடல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை, பயமாக இருந்தது.

அப்போதுதான் கணவர் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் எங்கே என்று கேட்கும் குரலில், ஒரு செய்தி சொன்னார்.

"புது வண்டி வருதாம், இன்னும் ரெண்டு வாரத்துல. பழசை உடைக்கக் குடுக்கறாங்க. அடிப்பக்கமெல்லாம் துரு."

கணவர் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. ஊர்வலத்தின் முன்னால் நடக்கிறவர்களின் நடைக்கு ஏற்ப வண்டியை நகர்த்தி நகர்த்தி, வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரும்போதும் அதே வேகம் பழகிவிட்டது. சைக்கிள்காரர்கள் பாவப்பட்டு முந்திப் போவார்கள்.

பல்லக்காவின் கை தட்டிலேயே நின்றது. "அதுல என்ன இஞ்சின்ங்க?"

"வேன்ல வர்றதுதான். பதினோரு வருஷம் நான்தான் ஓட்டறேன். ஆயில் மாத்தறதுல ஒரு நாள் தள்ளினதில்ல."

அவள் எழுந்தே விட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய பொருள், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கையில் இருந்திருக்கிறது!

"எனக்கு வேணும்."

"விளையாடாதே."

"விளையாடத்தான் வேணும்."

அவர் வாயிலிருந்த கவளத்தை மென்று முடிக்கவே ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். "அது மரியாதையான இஞ்சின்மா. அழுதுக்கிட்டு வர்றவங்களுக்கு முன்னால சத்தம் காட்டாமப் போன இஞ்சின். அதைக் கொண்டுபோய் அந்தத் திடல்ல கதறவிட்டா என் மனசு என்ன பாடுபடும்?"

அவர் சொன்னது நியாயம்தான், அவளுக்கும் அது உறைத்தது. ஆனாலும் ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு நாள் நின்றாள். மூன்றாம் நாள் அவர் முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து, இரும்பு விலைக்குத் தருகிறார்களாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஆனா ஒண்ணு. ரொம்பக் கத்த விடாதே."

"சரிங்க, சரிங்க" என்றாள். அந்த மகிழ்ச்சியில் உயிரையே எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

இஞ்சின் கைக்கு வருவதற்கும் மூன்றாவது ஞாயிற்றுக்கும் நடுவில் ஆறே நாள். அதை வைத்துப் பார்த்து, அது உட்காரும் இரும்புத் தாங்கிகளை வெட்டி ஒட்ட நேரம் போதாது. மற்றவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். பல்லக்கா சொன்னாள்: "ஆளு வர்றதுக்கு முன்னாடியே அச்சு எடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

மருத்துவமனையில் தேதி தாண்டிப்போன அச்சுப் பொடி ஒரு அலமாரி நிறையக் கிடந்தது. வாயில் வைத்து அளவெடுப்பார்களே, அந்த ரோஸ் நிறப் பசை. அதை வாளி வாளியாகக் கலக்கி, ஊர்தி நிறுத்துமிடத்தில், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இஞ்சினின் அடிவயிற்றில் அப்பினாள். பசை இறுக நாலு நிமிடம் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் கணவருக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, உடனே கிளம்ப வேண்டும்.

"பாதியில எடுத்தா கிழிஞ்சிரும்ங்க! ஒரு நிமிஷம்!"

"அவங்க காத்துக்கிட்டிருக்காங்கமா!"

ஊர்தி ரோஸ் நிறப் பசையோடு கிளம்பிப் போனது. அந்தப் பசையில் புதினா வாசனை சேர்த்திருப்பார்கள். இஞ்சின் சூடேறச் சூடேற, ஊர்வலம் முழுவதும் புதினா மணத்தது. இறந்தவரின் மகள் பல்லக்காவின் கணவரிடம் வந்து, "அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச வாசனை, எப்படித் தெரிஞ்சுது?" என்று கண்ணீரோடு கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்தார். வேறு என்ன செய்வார்? வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பல்லக்காவும் நாத்தனாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மட்டும் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில், அழைப்பு எதுவும் வருவதற்குள், மறுபடி அச்சு எடுத்தாள். சரியாக வந்தது. அதில் சுண்ணக்கலவை ஊற்றி, கனம் குறைய உள்ளே கூடாக விட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு பொய் இஞ்சின் செய்தாள். அதைத் தன் வண்டியின் முன்பகுதியில் இறக்கி, ஏற்றி, சுரண்டி, மறுபடி இறக்கி, பல் செட்டை வாயில் வைத்துப் பார்ப்பது போலவே பார்த்தாள். அதன் அளவுக்கு நாத்தனார் தாங்கிகளை வெல்டிங் செய்தாள். நிஜ இஞ்சின் வந்து இறங்கிய அன்று, அது "கப்" என்று உட்கார்ந்தது. இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையாது. கிளப்பில் பாதிப் பேர் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேக்கரிக்காரர் ஒரு தட்டு பன் கொண்டுவந்தார். இப்படிப் பொருந்திய இஞ்சினைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

வயரிங், ரேடியேட்டர், சைலன்சர் என்று மீதி நாளெல்லாம் ஓடியது. சனிக்கிழமை மதியம் சாவியைத் திருப்பினார்கள்.

டட்டட்டட்டட்டட்!

வண்டி முழுவதும் நடுங்கியது. கதவு நடுங்கியது, கண்ணாடி நடுங்கியது, ஓட்டுநர் இருக்கையில் பல்லக்காவின் கன்னம் நடுங்கியது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் இன்னும் மோசம், யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி அடி விழுந்தது. அணைத்தாள். நாத்தனார் குனிந்து அடியில் பார்த்தாள், மேலே பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி... இஞ்சின் ஆடும் அண்ணி. ரப்பர் மேல உக்காந்து ஆடிக்கிட்டேதான் ஓடும். அதுக்கு இடம் விடணும்."

"ஆடுமா?"

"ஆடணும்!"

இருபத்தெட்டு வருடம் அசையாமல் பொருத்தியே பழகிய கை. இடைவெளி விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாத்தனாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. கேட்டும் கைப்பிடியும் அடிக்கிறவளுக்கு அசைந்தால்தானே குற்றம்! பார்த்துப் பாராட்டிய பதினைந்து பேருக்கும் அழகு கண்ணை மறைத்துவிட்டது.

பல்லக்காவுக்கு முதலில் அழுகை வந்தது. அழ ஆரம்பித்தவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அது அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் தள்ளாடிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, எது எதுவென்று தெரியாமல் இரண்டையும் செய்து முடித்தார்கள்.

"எவ்ளோ இடம் விடணும்?"

"ஒரு விரல்."

"யாரு விரல்?"

"ஐயோ அண்ணி, ஏதோ ஒரு விரல்!"

கிரைண்டர் எடுத்துத் தாங்கிகளை வெட்டி, அடியில் ரப்பர் கொடுத்து இஞ்சினை ஒரு விரல் உயர்த்தி, பக்கத்தில் இடித்த இடத்தையெல்லாம் சம்மட்டியால் அடித்துக் குழியாக்கினார்கள். ஒவ்வோர் அடிக்கும் பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இஞ்சின் உயர்ந்ததால் பானட் மூடவில்லை. பானட்டில் ஓட்டை போட்டார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு இஞ்சின் ஆடியது, அழகாக, அமைதியாக, தொட்டில் மாதிரி ஆடியது. டிரெய்லரில் ஏற்றித் திடலுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. ஐந்து மணிக்குக் கொடியை இறக்கித் திடலை மூடிவிடுவார்கள்.

செயலாளர் அட்டையும் பேனாவுமாக நின்றார். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே பேனாவின் நுனி இருந்தது. "ஒரு தடவை போதும்க்கா. பெரிய வளைவு. நடுவுல நேராகாம முழுசா சறுக்கிட்டா முடிஞ்சுது. நானும் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

போனாள். நேர்ப்பாதையில் இஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடியது. வளைவின் வாயில் பின்பக்கத்தை வழுக்கவிட்டாள், டயர் சீறியது. இப்போது ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டும், இஞ்சின் கத்த வேண்டும். அது கத்தத் தொடங்கியது. அந்தக் குரல் அவள் கேட்டதே இல்லாத குரல். ரொம்பக் கத்த விடாதே என்ற பேச்சு காதுக்குள் கேட்க, கால் தானாகத் தளர்ந்தது. வண்டி நேராகிவிட்டது. செயலாளர் தலையை ஆட்டினார், செல்லாது.

இரண்டாவது முறையும் அதேதான். அதே இடம், அதே கால். மணி நாலு ஐம்பத்திரண்டு.

தொடக்கக் கோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தாள். பயமில்லை, வெட்கமாக இருந்தது. நாற்பத்தொரு பேருக்காக ஒதுங்கிக்கொள்ளலாம், வயதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு. வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார். கையில் யாரிடமோ இரவல் வாங்கிய ஹெல்மெட், இன்னொரு கையில் தன் தொப்பி. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காலை எடுக்கறே" என்றார்.

"நீங்கதானே கத்த விடாதேன்னீங்க."

"சொன்னேன். அங்கே வேலிக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன். அது கத்தணும்னு ஆசைப்படுது, நீதான் வாயைப் பொத்தற." பெல்ட்டை மாட்டினார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "பதினோரு வருஷம் நான் பொத்தினது போதும். போ."

போனாள். வளைவின் வாயில் வழுக்கவிட்டாள், அழுத்தினாள், தரைவரைக்கும் அழுத்தினாள். இஞ்சின் கத்தியது. அதோடு நிற்கவில்லை. பதினோரு வருடம் மெல்ல மெல்ல நடந்து சேர்த்துவைத்த கரியெல்லாம் ஒரே மூச்சில் சைலன்சர் வழியே வெளியே வந்தது. திடலில் பாதி காணாமல் போனது. வேலியோரம் நின்றவர்கள் காணாமல் போனார்கள். கறுப்பு மேகத்துக்குள்ளிருந்து டயர் அலறலும், இஞ்சின் அலறலும், மூன்றாவதாக ஓர் அலறலும் கேட்டன. மேகத்தின் மறுபக்கம் வண்டி வெளியே வந்தபோது இன்னும் பக்கவாட்டில்தான் வந்தது.

செயலாளர் இருமிக்கொண்டே வளைவுக்கு ஓடினார். தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள், தொடக்கத்திலிருந்து முடிவுவரை, எங்கும் அறாமல் வளைந்து போயிருந்தன. அட்டையை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இருக்கீங்கக்கா! பேரு இருக்கு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

பல்லக்கா வண்டியை நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினாள். மூன்றாவது அலறல் இன்னும் ஓயவில்லை. அது அலறலும் இல்லை. கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வழிய, வாயை அகலத் திறந்து சிரித்தார். கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த வாய் இவ்வளவு திறந்து அவள் பார்த்ததில்லை. மேல் வரிசையில், வலது பக்கம் கடைசிக்கு முந்தின இடம் காலியாக இருந்தது.

"என்னங்க, கடைவாய்ப் பல்லு எப்போ போச்சு?"

"அதுவா? அது போயி நாலு வருஷமாச்சு."

"நாலு வருஷமா? ஊருக்கெல்லாம் பல்லு கட்டறவ பக்கத்துலயே உக்காந்திருக்கேன், ஏன்ங்க சொல்லல?"

அவர் யோசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைத்த இடமெல்லாம் கரியானது.

"சிரிச்சாத்தான் தெரியும் போலிருக்கு" என்றார். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அவள் மோவாயைப் பிடித்து வாயை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, உள்ளே பார்த்துக்கொண்டே தானும் சிரித்தாள்.